சுவர்ப் பூச்சின்மேல் பெரிய பீங்கான் ஓடுகளைப் பதிக்கும் முறை

சுவர்களில் மெருகிட்ட ஓடு பதிக்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. மருத்துவமனை, பள்ளிக் கழிப்பிடம், சமையற்கூடம், இரயில் நிலையம் போன்ற இடங்களில் சுவர் எளிதிற் கழுவத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதற்காக இம்முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. முற்காலத்தில் பெரிதும் வழங்கிய ஓடு ஏறத்தாழ ஆறு அங்குலச் சதுரம். ஒரு கையால் எடுத்துப் பதிக்கத்தக்கது. இன்று அதே சுவர்களில் 600 மில்லிமீட்டர் அகலமும் 1200 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பீங்கான் ஓடுகள் ஏறுகின்றன. குஜராத் மாநிலத்து மோர்பி நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலிருந்து இவை நாடெங்கும் செல்கின்றன. தொழிலாளர் இவற்றை 'விட்ரிஃபைட் டைல்ஸ்' என்று வழங்குவர்.

ஓடு மாறிவிட்டது, ஆனால் பதிக்கும் முறை பல இடங்களில் மாறவில்லை. ஓட்டை நீரில் ஊறவைத்து, பின்புறத்தில் சிமெண்டுக் குழம்பைத் தடவி, சுவரில் அழுத்தித் தட்டிவிடுவதே இன்றும் பல கொத்தனார்களின் வழக்கம். இவ்வாறு பதித்த ஓடு அன்று நிற்கும். சில மாதங்களுக்குப் பின்னரோ, சில ஆண்டுகளுக்குப் பின்னரோ கழன்று விழும். 9 மில்லிமீட்டர் கனமுள்ள 600 × 1200 ஓடு ஒன்றின் எடை ஏறக்குறைய 15 கிலோகிராம். அத்தகைய ஓடு, கூர்மையான விளிம்புடன், ஆள் உயரத்திற்கு மேலிருந்து பள்ளிக் கழிப்பிடத்திலோ மருத்துவமனை நடைவழியிலோ விழுமாயின் விளையக்கூடிய தீங்கைக் கூறத் தேவையில்லை. எனவே, வேலையை மேற்பார்வையிடும் கள அலுவலரும், தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டட வேலையைக் கற்பிக்கும் ஆசிரியரும் இதன் காரணங்களை அறிந்திருத்தல் அவசியமாகும்.

பீங்கான் ஓட்டின் இயல்பு

வெண்களிமண், ஃபெல்ஸ்பார், படிகக்கல் தூள் ஆகியவற்றை மிக நுண்ணியதாக அரைத்து, உயர்ந்த அழுத்தத்தில் அச்சிட்டு, ஏறத்தாழ 1200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டுப் பீங்கான் ஓடு செய்யப்படுகிறது. அவ்வெப்பத்தில் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடி போலாகித் துகள்களுக்கிடையேயுள்ள துளைகளை நிரப்பிவிடுகிறது. ஆகவே சூளையிலிருந்து வெளிவரும் ஓட்டில் நீர் புகத்தக்க துளைகள் பெரும்பாலும் இருப்பதில்லை. தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கிற்கு மேல் நீரை உறிஞ்சாத ஓட்டினையே பீங்கான் ஓடு என வகைப்படுத்துவர். பழைய மெருகிட்ட சுவர் ஓடோ நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேலும் நீரை உறிஞ்சும்.

இந்த வேறுபாட்டில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. நீரை உறிஞ்சும் ஓட்டின் பின்புறத்தில் சிமெண்டுக் குழம்பைத் தடவினால், நீரும் அதனுடன் சிமெண்டின் நுண்துகள்களும் ஓட்டின் துளைகளுக்குள் நுழைகின்றன. அங்கே சிமெண்டு இறுகிப் படிகங்களாக வளரும்போது, ஆயிரக்கணக்கான நுண்ணிய வேர்கள் ஓட்டுக்குள் ஊன்றியது போல் ஒரு பிடிப்பு உண்டாகிறது. ஓட்டை முன்னதாக நீரில் ஊறவைப்பது, அது குழம்பின் நீரை அளவுக்கு மேல் இழுத்துச் சிமெண்டை இறுகவொட்டாமற் செய்துவிடக்கூடாது என்பதற்காகவே. மத்திய பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புகளில் சுவர் ஓடுகளுக்கு 1:3 சிமெண்டுக் கலவைப் படுகையும் சதுர மீட்டருக்கு 3.3 கிலோகிராம் சிமெண்டுக் குழம்பும் விதிக்கப்பட்டிருப்பது இம்முறையை ஒட்டியதாகும். நீரை உறிஞ்சும் சிறிய ஓட்டிற்கு அது இன்றும் பொருந்தும்.

பீங்கான் ஓட்டிலோ வேர் ஊன்ற இடமில்லை. ஊறவைப்பதனால் பயனுமில்லை, பின்புறத்தில் நீர்ப்படலம் தங்கிப் பிடிப்பைக் கெடுப்பதே மிச்சம். தனிச் சிமெண்டுக் குழம்பு உலரும்போது மிகுதியாகச் சுருங்குவதால், வழுவழுப்பான பரப்பிலிருந்து எளிதில் பிரிந்தும் விடுகிறது. கழன்று விழுந்த பீங்கான் ஓட்டின் பின்புறத்தைப் பார்த்தால், அது பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்; சிமெண்டெல்லாம் சுவரிலேயே நின்றுவிட்டிருக்கும். அதுவே நோயின் அடையாளம்.

வகுப்பறைச் சோதனை

இவ்வியல்பை மாணவர் நேரில் காணுமாறு செய்வது எளிது. பீங்கான் ஓட்டின் உடைந்த துண்டு ஒன்று, சாதாரண மெருகிட்ட சுவர் ஓட்டின் துண்டு ஒன்று, நுட்பமான தராசு, நீர் கொதிக்கவைக்கும் பாத்திரம் ஆகியவை போதும். இரு துண்டுகளையும் நன்றாக உலர்த்தி எடை காண வேண்டும். பின்னர் நீரில் மூழ்கச்செய்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, அந்நீரிலேயே ஆறவிட வேண்டும். வெளியே எடுத்து ஈரத்துணியால் மேல்நீரை ஒற்றிவிட்டு மீண்டும் எடை காண வேண்டும். எடையில் ஏறிய அளவை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் நீர் உறிஞ்சும் விகிதம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 500 கிராம் எடையுள்ள சாதாரண ஓட்டுத் துண்டு 570 கிராம் ஆயிற்று எனக் கொள்வோம். ஏறிய எடை 70 கிராம். விகிதம் நூற்றுக்கு 14. அதே எடையுள்ள பீங்கான் துண்டு 502 கிராம் ஆயிற்று எனில், விகிதம் நூற்றுக்கு 0.4 மட்டுமே. தராசு இல்லாத இடத்தில், இரு துண்டுகளின் பின்புறத்திலும் ஒரு சொட்டு மை விட்டுப் பார்க்கலாம். ஒன்றில் மை பரவி உள்ளிறங்கும். மற்றொன்றில் முத்துப் போல் நிற்கும். கள அலுவலர் வந்திறங்கிய ஓடு எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள விவரத்துடன் இச்சோதனையாலும் ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15622 என்னும் தரம் இவ்வோடுகளுக்குரியது.

விழச்செய்வது எடையா, அசைவா?

ஓடு பெரிதாகையால் அதன் எடையே அதனை இழுத்துத் தள்ளிவிடுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கக் காணலாம்.

10 மில்லிமீட்டர் கனமுள்ள பீங்கான் ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23 கிலோகிராம் எடையுள்ளது. ஒட்டுவதற்கான சாந்தையும் சேர்த்தால் 28 அல்லது 29 கிலோகிராம் ஆகலாம். இவ்வெடை ஒரு சதுர மீட்டர் பரப்பெங்கும் பரவி நிற்பதால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்க வேண்டிய விசை 0.0003 நியூட்டன் அளவே. ஆனால் நல்ல ஒட்டுச் சாந்து, இழுவைச் சோதனையில் சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டனைத் தாங்குகிறது, சாதாரணமானதும் 0.5 நியூட்டனைத் தாங்குகிறது. எடையைவிடப் பிடிப்பு ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. ஓடு முழுப் பரப்பிலும் ஒட்டியிருக்குமாயின், எடை ஒன்றே அதனை விழச்செய்யாது.

விழச்செய்வது அசைவு. சிமெண்டுப் பூச்சு உலர உலர, மீட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் சுருங்குகிறது. பீங்கான் ஓடோ சுருங்குவதில்லை. இருபொருள்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், அவற்றின் இடையிலுள்ள படலம் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஓட்டின் நடுப்பகுதியை அசையாத புள்ளியாகக் கொண்டால், 200 மில்லிமீட்டர் ஓட்டின் விளிம்பில் உண்டாகும் விலகல் 0.05 மில்லிமீட்டர், 1200 மில்லிமீட்டர் ஓட்டின் விளிம்பிலோ 0.3 மில்லிமீட்டர், அதாவது ஆறு மடங்கு. சிறிய ஓடுகள் பல இருக்கும்போது அவற்றினிடையேயுள்ள சந்துகள் அசைவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றன; பெரிய ஓட்டில் சந்துகள் குறைவு.

வெப்பமும் இவ்வாறே வேலை செய்கிறது. வெயில் படும் சுவரில் ஓடு பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது. பின்னுள்ள சுவர் தாமதமாகவும் வேறு அளவிலும் அசைகிறது. ஆண்டுக்கு முந்நூற்றறுபத்தைந்து முறை நிகழும் இந்த இழுபறியில், முதலில் தளர்வது எங்கே பிடிப்பு குறைவோ அங்கேதான். ஆகவே, ஓடு பதித்த சுவரை ஒரு சங்கிலியாகக் கருதுதல் வேண்டும். செங்கற்சுவர், பூச்சு, ஒட்டுச் சாந்து, ஓடு என்பன அதன் கண்ணிகள். சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமையே.

பூச்சைச் சோதித்தல்

மிகச் சிறந்த ஒட்டுச் சாந்தை வாங்கி, நலிந்த பூச்சின்மேல் தடவினால், ஓடு பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும். எனவே முதற்பரிசோதனை சுவருக்கே உரியது. கீழ்க்கண்டவற்றைக் கள அலுவலர் தாமே செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஒலிச் சோதனை. சிறு மரச்சுத்தியால் சுவரெங்கும் தட்டிக்கொண்டு செல்ல வேண்டும். கணீரென்ற ஒலி எழும் இடம் நன்று. பொந்து போல் ஒலிக்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அவ்விடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

இரண்டாவது, கீறற் சோதனை. இரும்பு ஆணியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்திக் கீற வேண்டும். மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் பூச்சு உறுதியானது. மணல் பொலபொலவென்று உதிர்ந்தால், சிமெண்டு குறைந்தோ நீர் காட்டாமலோ செய்த பூச்சு அது. அதன்மேல் பீங்கான் ஓடு பதிக்கலாகாது.

மூன்றாவது, நீர்ச் சோதனை. சிறிது நீரைத் தெளித்தால் அது ஓரிரு நிமிடங்களில் உள்ளிறங்க வேண்டும். முத்துமுத்தாக நின்றால் எண்ணெய்ப் பசையோ வண்ணமோ மேலே இருக்கிறது எனக் கொள்க. தெளித்த கணத்திலேயே மறைந்தால் சுவர் மிகுதியாக உறிஞ்சுகிறது. அதற்கு முன்பூச்சு தேவை.

நான்காவது, மட்டச் சோதனை. இரண்டு மீட்டர் நீளமுள்ள மட்டக்கோலைச் சுவரில் எத்திசையில் வைத்துப் பார்த்தாலும் இடையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தோன்றலாகாது. சிறிய ஓடு சுவரின் வளைவுக்கேற்ப வளைந்து செல்லும். பெரிய ஓடு வளையாது. பள்ளத்தை ஒட்டுச் சாந்தாலேயே நிரப்பிவிடலாம் என்பது தவறு. சாந்து கனக்கக் கனக்க அதன் சுருக்கமும் மிகும். பள்ளத்தை முன்னதாகவே பூச்சுக் கலவையால் நிரப்பி, அது இறுகிய பின்னரே ஓடு பதிக்க வேண்டும். தூக்குக் குண்டைக் கொண்டு சுவரின் நிமிர்வையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

புதிய பூச்சானால், ஏழு நாட்களுக்குக் குறையாமல் நீர் காட்டி, பின்னர் உலரவிட வேண்டும். பூசியதிலிருந்து 28 நாட்கள் கழிந்த பின் ஓடு பதிப்பது பாதுகாப்பானது. சுருக்கத்தின் பெரும்பகுதியில் முக்கியமான கட்டம் அதற்குள் கடந்துவிடும். பூச்சை மணியாசுக் கட்டையால் தேய்த்துச் சொரசொரப்பாகவே விட வேண்டும். சிமெண்டுப் பால் தெளித்துக் கரண்டியால் வழவழப்பாக்கிய பரப்பு கண்ணுக்கு அழகாயினும் பிடிப்பிற்கு உதவாது. செங்கற்சுவரும் கான்கிரீட் தூணும் சேருமிடத்தில், பூசுவதற்கு முன்னரே கோழிவலைக் கம்பியை அடித்திருக்கிறார்களா என்பதையும் விசாரித்தல் வேண்டும். இல்லையெனில் அங்கே உண்டாகும் வெடிப்பு ஓட்டிலும் தோன்றும்.

பழைய சுவரில் வெள்ளை, வண்ணப்பூச்சு, பட்டி ஆகியவை இருந்தால் அவற்றைப் பூச்சு தெரியும்வரை சுரண்டிவிடுவதே நேர்வழி. பட்டி என்பது வண்ணம் தீட்டுவதற்கு மட்டும் ஏற்ற மெல்லிய படலம். அங்கங்கே கொத்திவிட்டால் போதும் என்று சிலர் கருதுவர். கொத்திய இடங்களில் மட்டுமே ஓடு பிடித்திருக்கும். மற்ற இடங்களில் அது வண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஜிப்சம் பூச்சு பற்றிய எச்சரிக்கை

அண்மைக் காலத்தில் உட்சுவர்களில் சிமெண்டுப் பூச்சுக்குப் பதிலாக ஜிப்சம் பூச்சு பெருகி வருகிறது. நீர் காட்ட வேண்டாததும் விரைவில் முடிவதும் அதன் நற்பயன்கள். ஆனால் ஓடு பதிக்கும் சுவருக்கு அதில் மூன்று குறைகள் உள.

முதலாவதாக, அது நீரில் இளகும் தன்மையுடையது. குளியலறை போன்ற ஈரமான இடங்களுக்கு முற்றிலும் ஏற்றதன்று. இரண்டாவதாக, அதன் வலிமையும் அடித்தளத்தோடு அது கொண்டுள்ள பற்றும் குறைவு. பி.எஸ். 5385 என்னும் பிரிட்டிஷ் தரம், ஜிப்சம் பூச்சின்மேல் ஓடும் ஒட்டுச் சாந்தும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 20 கிலோகிராமுக்கு மேல் ஏற்றலாகாது என்கிறது. மேலே கண்ட கணக்கின்படி, நமது 10 மில்லிமீட்டர் பீங்கான் ஓடு தனியாகவே அவ்வரம்பைக் கடந்துவிடுகிறது. எடை அற்பம் என்று முன்னர்க் கூறியதற்கு இது முரணாகத் தோன்றலாம். அக்கணக்கு நல்ல ஒட்டுச் சாந்தின் பிடிப்பைப் பற்றியது. இவ்வரம்பு, பூச்சு சுவரைப் பற்றியிருக்கும் நலிந்த கண்ணியைக் கருதிப் போதிய பாதுகாப்புடன் வகுத்தது.

மூன்றாவது குறை இரசாயனத்தைச் சார்ந்தது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். ஈரமான நிலையில் அது சிமெண்டிலுள்ள அலுமினேட்டுடன் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் படிகமாகிறது. இப்படிகம் மிகுதியான நீரைத் தன்னுள் கொண்டு பருத்து வளரக்கூடியது. பூச்சும் ஒட்டுச் சாந்தும் சந்திக்கும் தளத்தில் இவ்வாறு படிகம் வளருமாயின், ஓட்டையும் சாந்தையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். எனவே, உலர்ந்த அறையில் எடை குறைந்த ஓடு பதிப்பதாயினும், ஜிப்சம் நன்கு உலர்ந்த பின் அதற்கென உரிய முன்பூச்சை இட்டு, சிமெண்டு அதனைத் தொடாதவாறு தடுத்தல் வேண்டும். மரவேலைக்குரிய வெள்ளைப் பசையை நீரிற் கரைத்து முன்பூச்சாக உபயோகிப்பது தவறு. ஈரம் பட்டால் அது மீண்டும் இளகிவிடும். பெரிய பீங்கான் ஓடே வேண்டுமெனில், ஜிப்சத்தைப் பெயர்த்துச் சிமெண்டுப் பூச்சு செய்துகொள்வதே தக்கது.

ஒட்டுச் சாந்தைத் தேர்ந்தெடுத்தல்

கடைகளில் 'டைல் அட்ஹெஸிவ்' என்று மூட்டைகளில் விற்கப்படும் ஒட்டுச் சாந்து, சிமெண்டு, தரம் பிரித்த மணல், நீரைத் தேக்கிவைக்கும் பொருள், பாலிமர்த் தூள் ஆகியவற்றின் கலவை. நீர் சேர்த்ததும் பாலிமர்த் தூள் கரைந்து, உலரும்போது மெல்லிய ரப்பர் போன்ற படலமாகப் பரவுகிறது. துளையற்ற பீங்கானைப் பிடிப்பது இப்படலமே. ஓடும் சுவரும் வெவ்வேறு அளவில் அசையும்போது சற்றே வளைந்து கொடுப்பதும் அதுவே.

இந்தியத் தரம் ஐ.எஸ். 15477 இச்சாந்துகளை வகைப்படுத்துகிறது. 1ஆம் வகை, நீர் உறிஞ்சும் சாதாரண ஓடுகளுக்கானது. விலை குறைவு என்பதற்காக அதனைப் பீங்கான் ஓட்டிற்கு வாங்கலாகாது. பீங்கான் ஓட்டிற்கு 2ஆம் வகைக்குக் குறையாததும், சுவரில் ஏற்றும் பெரிய ஓட்டிற்கு அதனினும் மேலானதும் வேண்டும். சில மூட்டைகளில் ஐரோப்பியக் குறியீடுகள் காணப்படும். அவற்றில் 'சி 2' என்பது உயர்ந்த பிடிப்பையும், 'டி' என்பது சுவரில் சரியாமையையும், 'ஈ' என்பது தடவிய சாந்து கூடுதல் நேரம் பசையுடன் இருப்பதையும், 'எஸ் 1' என்பது வளைந்துகொடுக்கும் தன்மையையும் குறிக்கும். பெரிய ஓட்டிற்கு இந்நான்கும் சேர்ந்திருத்தல் விரும்பத்தக்கது.

மூட்டையின்மேல் குறித்துள்ள அளவு நீரைப் பாத்திரத்தில் முதலில் ஊற்றி, அதன்பின் தூளைக் கொட்டிக் கலக்க வேண்டும். சில நிமிடங்கள் ஊறவிட்டு மறுபடியும் கலக்கிய பின்னரே உபயோகிக்க வேண்டும். இறுகத் தொடங்கிய சாந்தில் மீண்டும் நீர் விட்டுக் கிளறுதலும், சாந்துடன் கைச்சிமெண்டைச் சேர்த்துக்கொள்ளுதலும் அறவே விலக்கத்தக்கன.

பதிக்கும் முறை

ஓட்டின் பின்புறத்தில் வெண்மையான தூள் படிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சூளையின் உருளைகளில் ஓடு ஒட்டாதிருக்கத் தொழிற்சாலையில் பூசப்படுவது அது. ஈரப் பஞ்சால் அதனைத் துடைத்துவிடாவிட்டால், சாந்து ஓட்டைப் பிடிக்காமல் தூளையே பிடிக்கும்.

அடிவரிசை ஓடு நிற்பதற்கு, ரசமட்டம் பார்த்து ஒரு நேரான சட்டத்தைச் சுவரில் அடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக வேலை செய்ய வேண்டும். சாந்தை முதலில் கரண்டியின் தட்டையான பக்கத்தால் சுவரில் அழுத்தித் தேய்க்க வேண்டும். பின்னர் மேலும் சாந்தை இட்டு, 10 அல்லது 12 மில்லிமீட்டர் பற்களுள்ள கரண்டியால் ஒரே திசையில் நேர்கோடுகளாக வரிவரியாக இழுக்க வேண்டும். வரிகள் ஓட்டின் குறுகிய பக்கத்திற்கு இணையாக அமைந்தால், இடையிலுள்ள காற்று குறைந்த தூரத்தில் வெளியேறிவிடும். வளைத்து வளைத்து விசிறி போல் இழுத்த வரிகளில் காற்று சிறைப்பட்டுவிடும்.

அடுத்து, ஓட்டின் பின்புறம் முழுவதிலும் மெல்லிய சாந்துப் படலம் ஒன்றைத் தேய்க்க வேண்டும். பெரிய ஓடு எதுவும் முற்றிலும் தட்டையாக இருப்பதில்லையாதலால், இது தவிர்க்கக்கூடாத படியாகும். இரண்டு ஆட்கள் உறிஞ்சு பிடிகளைக் கொண்டு ஓட்டைத் தூக்கிச் சுவரில் வைத்து, வரிகளுக்குக் குறுக்காகச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்த வேண்டும். அப்போது வரிகள் சாய்ந்து ஒன்றாகிப் பள்ளங்கள் நிரம்புகின்றன.

ஓட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகச் சாந்து வைத்து ஒட்டும் பழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. சமன்செய்ய எளிது என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். இதனால் ஓட்டின் பெரும்பகுதி வெறும் வெற்றிடத்தின்மேல் நிற்கிறது. ஈரம் அங்கே தேங்கும். ஓரத்தில் இடித்தால் ஓடு உடையும். அசைவின் முழு விசையும் ஐந்து உருண்டைகளின்மேல் விழும். மேற்பார்வையாளர் இதனை எவ்விடத்திலும் அனுமதித்தல் கூடாது. உலர்ந்த உட்சுவரில் ஓட்டின் பரப்பில் நூற்றுக்கு 80 பங்கும், ஈரமான இடத்திலும் வெளிச்சுவரிலும் 95 பங்கும் சாந்து பற்றியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரத்தின் விதி. மூலைகளும் விளிம்புகளும் முழுவதும் நிரம்பியிருத்தல் வேண்டும்.

தடவிய சாந்து பசையுடன் இருக்கும் நேரம், சோதனைச்சாலையின் 23 டிகிரி வெப்பத்தில் 20 அல்லது 30 நிமிடம். கோடைக் காலத்து உலர்ந்த காற்றில் அது மிகவும் குறைந்துவிடும். விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சாந்து விரலில் ஒட்டவில்லையெனில், மேலே ஆடை படர்ந்துவிட்டது என்பது பொருள். அதன்மேல் நீர் தெளிக்காமல், சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். எனவே ஓரிரு ஓடுகளுக்கு வேண்டிய பரப்பிற்கு மட்டுமே ஒரு முறை தடவுதல் நலம்.

சந்துகளும் அசைவிடங்களும்

ஓடுகளை ஒன்றோடொன்று நெருக்கிச் சந்தே தெரியாமல் பதிக்குமாறு கேட்போர் பலர். ஓடுகள் நெருக்கமாக நின்றால் நீளுவதற்கு இடமின்றி, ஒன்றையொன்று தள்ளி, நடுவில் கூடாரம் போல் எழும்பிவிடும். சுவரில் 2 மில்லிமீட்டருக்குக் குறையாத சந்து வேண்டும். ஆப்புகளை வைத்து அதனைச் சீராக்கலாம். செங்கல் வரிசை போல் மாற்றிப் பதிப்பதாயின், மேல் ஓட்டின் நடுவில் கீழ்ச் சந்து வருமாறு அமைத்தலாகாது. நீண்ட ஓட்டில் இயல்பாகவே சிறு வளைவு உண்டாதலால், நடு உயர்வும் முனைத் தாழ்வும் அருகருகே வந்து படியாகத் தெரியும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் தள்ளிப் பதிக்காதிருந்தால் இக்குறை நீங்கும்.

இச்சந்துகளைத் தவிர, அசைவுக்கென்றே தனி இடம் விட வேண்டும். உட்சுவரில் 3 முதல் 4.5 மீட்டருக்கு ஒன்றாகவும், இரு சுவர்கள் சேரும் உள்மூலையிலும், தூண், கதவுச் சட்டம், தரை, கூரை ஆகியவற்றைச் சந்திக்கும் இடங்களிலும், சிமெண்டுச் சாந்தை அடைக்காமல் சிலிக்கோன் போன்ற நெகிழும் பொருளால் நிரப்ப வேண்டும். மற்றச் சந்துகளைப் பதித்து 24 மணி நேரம் கழிந்த பின் நிரப்பலாம். ஓடும் சந்துப் பூச்சும் நீரைத் தடுத்துவிடும் என்று நம்புதல் கூடாது. குளியலறையில் ஓட்டிற்குப் பின்னே நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்றை முன்னதாகவே இட்டிருக்க வேண்டும்.

வெளிச்சுவரில் உயரத்தில் பெரிய ஓடுகளை ஏற்றுவதாயின், ஒட்டுச் சாந்தை மட்டும் நம்பாமல், பொறியாளரின் வடிவமைப்புப்படி துருப்பிடியாத எஃகுக் கொக்கிகளால் இணைத்தலே முறை.

வேலையைச் சரிபார்த்தல்

வேலை நடக்கும்போதே சரிபார்ப்பது, முடிந்த பின் பார்ப்பதைவிடப் பன்மடங்கு மேலானது. நாளின் முதல் ஓட்டையும், பின்னர் இடையிடையே ஒன்றிரண்டையும், பதித்த உடனேயே கழற்றிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். சாந்து பற்றாத இடங்கள் தெளிவாகத் தெரியும். கொத்தனாரும் அதனைத் தம் கண்ணாலேயே கண்டு, பல்லின் அளவையோ அழுத்தத்தையோ திருத்திக்கொள்வார். நூறு முறை வாயாற் சொல்வதைவிட ஓர் ஓட்டைக் கழற்றிக் காட்டுவது பயனுள்ளது. அந்த ஓட்டிற்கு ஆகும் சிறிது சாந்தை வீண் செலவாகக் கருத வேண்டியதில்லை.

சாந்து நன்கு இறுகிய பின்னர், மரச்சுத்தியால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பார்த்து, பொந்தாக ஒலிப்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூலையில் ஒலிப்பதும், ஓட்டின் பெரும்பகுதியில் ஒலிப்பதும், ஆள் உயரத்திற்கு மேலுள்ள ஓட்டில் ஒலிப்பதும் கழற்றி மீண்டும் பதிக்கத்தக்கவை.

தொழிலாளர் பாதுகாப்பு

பீங்கான் ஓட்டில் படிகக்கல் கலந்திருப்பதால், உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் தூளில் நுண்ணிய சிலிகா இருக்கிறது. அதனை நெடுநாள் சுவாசிப்பவருக்குச் சிலிகோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய் உண்டாகிறது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. நீர் விட்டு அறுக்கும் கருவியையும், நுண்தூளைத் தடுக்கும் முகமூடியையும் வழங்குதல் ஒப்பந்தக்காரரின் கடமை. வழங்கப்பட்டனவா என்று பார்த்தல் மேற்பார்வையாளரின் கடமை. சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்குமாதலால் கையுறையும் அவசியம்.

தொகுப்புரை

பீங்கான் ஓடு நீரை உறிஞ்சாது. எனவே சிமெண்டுக் குழம்பு அதனைப் பிடிக்காது. பெரிய ஓடு அசைவைப் பெரிதாக்குகிறது. எனவே நெகிழும் ஒட்டுச் சாந்தும், அசைவிடங்களும் வேண்டும். ஓடு, தன் பின்னுள்ள பூச்சைவிட உறுதியாக நிற்க முடியாது; எனவே முதலில் பூச்சைச் சோதிக்க வேண்டும். இம்மூன்றையும் உணர்ந்த கொத்தனாருக்கு மற்ற விதிகள் தாமாகவே விளங்கும். சுவருக்குப் பின்னே மறைந்துவிடும் வேலையில், அதன்கீழ் நடமாடுவோரின் பாதுகாப்பு முழுவதும் பதிப்பவரின் அறிவையும் நேர்மையையும் நம்பியே இருக்கிறது.

மாணவர்க்குரிய வினாக்கள்

1. நீரில் ஊறவைப்பது பழைய சுவர் ஓட்டிற்கு நன்மையாகவும் பீங்கான் ஓட்டிற்குத் தீமையாகவும் அமைவது ஏன்?

2. 480 கிராம் எடையுள்ள ஓட்டுத் துண்டு, கொதிநீர்ச் சோதனைக்குப் பின் 482 கிராம் ஆயிற்று. நீர் உறிஞ்சும் விகிதத்தைக் கணக்கிட்டு, அது எவ்வகை ஓடு எனக் கூறுக.

3. பூச்சு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சுருங்குமாயின், 800 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓட்டின் விளிம்பில் உண்டாகும் விலகல் எவ்வளவு?

4. ஜிப்சம் பூச்சின்மேல் சிமெண்டுச் சாந்து நேராகப் படுமாயின் நிகழும் இரசாயன மாற்றத்தை விளக்குக.

5. உங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ ஓடு பதித்த சுவர் ஒன்றை மரச்சுத்தியால் தட்டிப் பார்த்து, பொந்தாக ஒலிக்கும் ஓடுகளைப் படம் வரைந்து குறித்து, அதற்குரிய காரணங்களை ஆராய்க.